உதாரும் உஷாரும் ஒரு தண்ணீர்த் தொட்டியும்

இந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குவதில்லை. உயிரே போனாலும் சரி. மூன்று மணிக்குக் கால்பந்து இறுதி ஆட்டம். நாலு வருஷம் தவம் கிடந்து வாங்கிய டிக்கெட் ஆணியில் தொங்குகிற சட்டைப் பையில் இருக்கிறது. தொட்டியில் இறங்கிப் பாசி தேய்த்தால் பொழுது சாயும்வரை இடுப்பு நிமிராது. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிற மெக்கானிக் நான். வீட்டில் என்னை ஏற்றி இறக்குகிறவள் என் மனைவி.

அதனால் காலையிலேயே எனக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. அதாவது, சுளுக்கியதாக வைத்துக்கொண்டேன். சோபாவில் சாய்ந்து முனகிக்கொண்டிருந்தபோது மகள் பள்ளிக்கூட நோட்டோடு வந்தாள்.

"அப்பா, உதார், உஷார் ரெண்டும் ஒரே மாதிரி கேக்குது. என்ன வித்தியாசம்? ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளை உதாரணம் எழுதணும்."

"கையில சரக்கே இல்லாம சும்மா மிரட்டினா உதார். அதுல ஏமாறாம முழிச்சுக்கிட்டா உஷார்." குரலைத் தாழ்த்தினேன். "உதாருக்கு உங்கம்மாவைப் போடு. உஷாருக்கு அப்பாவைப் போடு."

"எழுதிக்கட்டுமா?"

"கொட்டை எழுத்துல எழுதும்மா!"

மனைவி தைலத்தோடு வந்தாள்.

"வலி எப்படிங்க இருக்கு?"

"உயிர் போகுது."

"பாவம். தொட்டி கிடக்கட்டும் விடுங்க."

ஆஹா! இவ்வளவு சுலபமா? முன்னாலேயே தெரிந்திருந்தால் கல்யாண நாளிலிருந்தே நொண்டியிருப்பேனே!

"இந்தக் காலோட நீங்க எங்க மேட்சுக்குப் போறது? டிக்கெட்டை எதிர்வீட்டு வாத்தியாருக்குக் கொடுத்துட்டேன். இப்பத்தான் பஸ்ஸுக்குக் கிளம்பினார்."

அடுத்த நொடி நான் சோபாவில் இல்லை. படிகளை மூன்று மூன்றாகத் தாண்டித் தெருவில் பாய்ந்தேன். வாத்தியார் பனியனோடு ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், என் டிக்கெட்!"

"என்ன டிக்கெட்? எந்த ஊருக்குப் போறீங்க?"

திரும்பினேன். எங்கள் வாசலில் மனைவி. ஒரு கையில் என் டிக்கெட், மறு கையில் தொட்டி தேய்க்கிற பிரஷ்.

"கால் தேவலையாங்க?"

"தே... தேவலை."

"சந்தோஷம். தேய்ச்சு முடிச்சதும் டிக்கெட்டைத் தரேன்."

தொட்டிக்குள் நான் பாசியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது மேலே மகளின் தலை தெரிந்தது.

"அப்பா, உதாருக்கு அம்மாவை எழுதினது ரொம்பச் சரி."

"உஷாருக்கு?"

"அதுக்கும் அம்மாதான். உங்களைக் கொட்டை எழுத்துல எழுதிட்டேன் பாருங்க, அழிக்கத்தான் நேரமாயிடுச்சு."