சுழியோடி அண்ணையின் கயிறு

உலகத்தில் யாரோடு வேண்டுமானாலும் மலையேறப் போங்கள்; சுழியோடி அண்ணையோடு மட்டும் போகாதீர்கள். போய் வந்தவன் சொல்கிறேன். திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பது வருடம் கப்பல்களின் அடியில் மூழ்கி வேலை செய்த மனிதர். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதே துறைமுகத்தில் எழுதுவினைஞனாக இருக்கும் எனக்கே அது தெரியாது.

எல்லாம் அவருடைய காதால் வந்த வினை. போன வருடம் டாக்குத்தர் காதுக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனித் தண்ணீருக்குள் இறங்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணை ஒரு மாதம் இறங்குதுறையில் வந்து நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் கைத்தொலைபேசியோடு என் மேசைக்கு வந்து ஒரு வீடியோவைக் காட்டினார். நேபாளத்தில் முஸ்டாங் என்று ஓர் இடம். திபெத்துக்குப் பக்கம், சனங்களின் பேச்சும் சாப்பாடும் சாமியும் திபெத்துதான். அங்கே ஒரு கணவாய்க்கு மேலே பாறையெல்லாம் கல்லாகிப்போன கடற்சிப்பி. ஒரு காலத்தில் அது கடலுக்கு அடியில் கிடந்த நிலமாம்.

“தம்பி, கீழ இருக்கிற கடலடிக்கு இனி என்னால போக ஏலாது. மேல ஒண்டு கிடக்கு. அதையாவது கையால தொட்டிட்டு வருவம்” என்றார்.

எனக்கு லீவு இருந்தது. புத்திதான் இல்லை.

நடக்கத் தொடங்கிய முதல்நாளே, எங்கள் வழிகாட்டி தோர்ஜே பார்த்துக்கொண்டு நிற்க, பையிலிருந்து இருபதடி நைலோன் கயிற்றை எடுத்து, ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறுமுனையை என் இடுப்பிலும் கட்டினார். சுழியோடிகளின் வழக்கம் அது. கீழே போகிறவனுக்கும் மேலே நிற்கிறவனுக்கும் நடுவில் ஒரு கயிறு இருக்கும். ஒருமுறை இழுத்தால் சுகமா என்று கேட்பது. பதிலுக்கு ஒருமுறை இழுத்தால் சுகம். கடலுக்குள் நல்ல ஏற்பாடுதான். ஜீப் ஓடுகிற பாதையில் எதற்கு? ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இழுத்தார். மந்திரம் செதுக்கிய கற்சுவரைச் சுற்றும்போதும் இழுத்தார். ஒரு வீட்டில் அந்த வீட்டு அம்மா உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர் தந்தார். நான் வாயில் வைத்த நேரம் பார்த்து இழுக்க, பாதி என் சட்டைக்குப் போனது. கோப்பை குறைந்தால் உடனே நிரப்புவது அங்கே மரியாதை. அந்த அம்மா நிரப்பினார். அண்ணை மறுபடி இழுத்தார்.

அதோடு விட்டாரா? ஆழத்திலிருந்து வருகிற சுழியோடி ஒரே மூச்சில் மேலே வரக்கூடாது, நின்று நின்றுதான் வரவேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். அதை அவர் இமயமலைக்கும் போட்டார். நூறடி ஏறினால் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு அவர் நிற்பார். பல்லைக் கடித்துக்கொண்டு நான் நிற்பேன். எங்களை முந்திக்கொண்டு போன ஒரு ஜெர்மன்காரக் கிழவர் சிப்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும்போது எங்களை மறுபடி கண்டார். நாங்கள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தோம்.

வழிநெடுக அதே சிப்பிக் கல்லைச் சாளக்கிராமம் என்று விரித்து வைத்து விற்றார்கள். ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம் என்று கெஞ்சினேன். ஆரோ எடுத்ததை வாங்குகிறவன் சுழியோடி இல்லையாம்.

ஐந்தாம் நாள் பொறுமை போய்விட்டது. காற்று புழுதியை அள்ளி வீசியதில் இரண்டடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் எங்கள் பொதி சுமந்து வந்த கழுதையின் சேணத்தில் என் முனையைக் கட்டிவிட்டு, மளமளவென்று மேலே ஏறிவிட்டேன். அவர் இழுத்தார்; கழுதையும் இழுத்தது. சுகமா, சுகம் என்று இருவரும் இரண்டு மணித்தியாலம் கதைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். கயிற்றில் பாதியைக் கழுதை தின்றிருந்தது.

“கழுதை உன்னைவிட ஒழுங்காப் பதில் சொல்லுது” என்றார். வேறொன்றும் ஏசவில்லை.

மறுநாள் காலை கணவாய் கண்ணுக்கு எதிரே நின்றது. அங்கே கட்டியிருந்த மந்திரக் கொடிகள் படபடப்பதுகூடத் தெரிந்தது, அரைநாள் நடை. மிஞ்சிய கயிற்றை என் இடுப்பில் கட்டிவிட்டு அண்ணை புதுமாப்பிள்ளை போல் முன்னே நடந்தார். எனக்கு விடியற்காலையிலிருந்தே தலை இடித்தது. சொல்ல வெட்கம். அவர் ஒருமுறை இழுத்தார். பதிலுக்கு இழுக்க வேண்டும் என்று தெரிந்தது, கைதான் வரவில்லை. அவர் நின்றார். திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார்.

“நேரா நட பாப்பம்.”

நடந்தேன். அது நேராக இல்லை.

தோர்ஜேக்கு விளங்கிவிட்டது. மலை ஏறிய வேகத்தால் வந்த வருத்தம், மலைநோய், உடனே கீழே இறக்க வேண்டும் என்றார். தானே என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகவும், அண்ணை முன்னால் போகிற கூட்டத்தோடு சேர்ந்து சிப்பியைப் பார்த்துவிட்டு வரலாம் என்றும் சொன்னார். நானும் போகச் சொன்னேன். அண்ணை கணவாயை ஒருதரம் பார்த்தார்.

“கயிறு பிடிச்சவன் இடையில விட்டிட்டுப் போறேல்ல” என்றார்.

இறங்கும்போது மட்டும் எங்கேயும் நிற்கவிடவில்லை. என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, ஆற்றங்கரைக் கிராமம் வரை இழுத்துக்கொண்டு வந்தார். அங்கே எனக்குத் தலைவலி விட்டது. அவரிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். சோறு ஆறுது, சாப்பிடு என்றார்.

ஊருக்கு வந்ததும் துறைமுகத் தேநீர்க்கடையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டு, சிப்பியைக் கண்டாரா என்று கேட்டார்கள்.

“எங்க? கிட்டப் போக என்ர காது குத்தத் தொடங்கிட்டுது. தம்பி பாவம், எனக்காகத் திரும்பினவன்.”

எல்லோருடைய தேநீருக்கும் நான் காசு கொடுத்தேன்.

இந்த வருடமும் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே நூறடிக்கு மூன்று நிமிடம் என்று தொடங்கிவிடுவார். நேற்றுக் கடைத்தெருவில் இருபதடி நைலோன் கயிறு வாங்கினேன். ஒரு முனையை இடுப்பில் கட்டிப் பார்த்தேன். அளவாக இருக்கிறது.