எல்லாத் துணியும் கராத்தே மாஸ்டருக்கு

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் ஆயிரம் ஆசிகளோடு எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருந்தே ஆக வேண்டும். இந்தக் குடும்பத்தில் ஒரு வீடாவது நிம்மதியாக இருந்தால்தான் இன்னொரு வீட்டிலிருந்து துரத்தப்பட்டவன் அங்கே வந்து படுக்க முடியும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மானம்தான் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால், நான் உட்கார்ந்திருப்பது உன் அக்காவின் சலவைக் கடைக்கு நேர் மேலே உள்ள அறை. இங்கே தும்மினால் கீழே அவளுக்குக் கேட்கும். ஆகவே கடிதம்.

இதற்கெல்லாம் மூல காரணம் நீதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்று, செய்தித்தாளில் வரி விளம்பரம் வரை படித்துக்கொண்டு சிவனே என்று கிடந்தவன். போன முறை வந்தபோது, "அத்தான், சும்மாவே உட்கார்ந்திருக்கீங்களே, அக்கா கடைக்கு ஒரு டெஸ்க்டாப் அப்ளிகேஷன் எழுதிக் குடுங்க, ரொம்ப ஈஸி" என்று சொல்லி, உன் பழைய கம்ப்யூட்டரையும் பாட வீடியோக்களையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனது யார்? நானும் படித்தேன். ஃபிரேம்வொர்க் என்று ஒன்று இருக்கிறதாம். ஜன்னல், பொத்தான், எழுதும் கட்டம் எல்லாவற்றையும் யாரோ புண்ணியவான் முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறாராம். எதை அமுக்கினால் எது நடக்க வேண்டும் என்று நாம் சொன்னால் போதுமாம். கிளாஸ் என்பது அச்சு, ஆப்ஜெக்ட் என்பது அந்த அச்சில் வார்த்த பொருள். 'துணி' என்று ஓர் அச்சு செய்துவிட்டால் கடையில் உள்ள அத்தனை துணியும் அதிலிருந்து பிறந்துவிடும். எனக்குப் புல்லரித்துப் போயிற்று. ஆயுள் முழுக்க ஒவ்வொரு மூட்டையோடும் மல்லுக்கட்டியவனுக்கு, மூட்டை என்ற எண்ணத்துக்கே உத்தரவு போடலாம் என்றால் எப்படி இருக்கும், நீயே சொல்லு.

ஆரம்பத்தில் சில்லறைத் தகராறுகள்தான். பொத்தானுக்கும் வேலைக்கும் முடிச்சுப் போடும் வரியை ஞாபகமறதியாக இரண்டு முறை எழுதிவிட்டதால் ஒரு முறை அமுக்கினால் இரண்டு பில் வந்தது. உன் அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வாடிக்கையாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் திரைச்சீலைக்குத் தனி அச்சு எழுதச் சோம்பல்பட்டு, 'திரைச்சீலையும் சட்டையின் பிள்ளைதான்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன், அதன் பலனாகப் பல் டாக்டர் தன் கிளினிக் திரைச்சீலைகளைக் கொண்டுவந்தபோது கம்ப்யூட்டர் காலர் அளவு கேட்டது, சொல்லாவிட்டால் நகர மாட்டேன் என்று நின்றது, பின்னால் வரிசை வாசல் வரை போயிற்று, உன் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "டாக்டர், தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க கழுத்து அளவு என்ன?" என்று கேட்டாள். ஜன்னலை மூடும்போது 'நிச்சயமாக மூடலாமா?' என்று மரியாதையாகக் கேட்கும்படி செய்திருந்தேன். 'வேண்டாம்' என்ற பொத்தானை எழுதி முடித்த நேரத்தில் சாப்பிடக் கூப்பிட்டார்கள், 'சரி' என்ற பொத்தான் விட்டுப்போயிற்று. ஒவ்வொரு நாளும் கடை அடைக்கும்போது உன் அக்கா சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்க வேண்டியதாயிற்று. இவ்வளவுக்கும் அவள் என்னைக் கடையை விட்டுப் போகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

போன சனிக்கிழமை சாயங்காலம், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, கடையை என்னை நம்பி விட்டுவிட்டு சோப்புத்தூள் வாங்கப் போனாள். சாவியையும் என் கையில் கொடுத்தாள். வாங்கி இடுப்பில் பத்திரமாகச் செருகிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து நான் என் புதிய பொத்தானை அமுக்கினேன். 'எல்லாச் சீட்டையும் அச்சிடு.' துணிகளில் எண் மட்டும்தான் தைத்திருக்கும்; எந்த எண் யாருடையது என்பது கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். அதற்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஒன்று விடாமல் அத்தனை சீட்டிலும் கராத்தே மாஸ்டர் என்று போட்டது.

காரணம் சொல்கிறேன், சிரிக்காதே. உடைமையாளர் பெயரை ஒவ்வொரு துணியிலும் வைப்பதற்குப் பதிலாக நான் அச்சிலேயே வைத்துவிட்டேன். அச்சு ஒன்றுதான், ஆகவே பெயரும் ஒன்றுதான். கடைசியாக யார் பெயரைத் தட்டினோமோ, உலகத்தில் உள்ள துணியெல்லாம் அவருடையது. அன்றைக்குக் கடைசியாக வந்தவர் ஒரே ஒரு வெள்ளை உடுப்பு கொடுத்த கராத்தே மாஸ்டர். துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டி ஓட்டுபவர் நல்ல மனிதர், உள்ளே வந்து கேட்கத்தான் செய்தார்: "ஐயா, எல்லாமே ஒருத்தர் பேர்ல இருக்கே?" நான் கிடங்கில் பேசிய அதே குரலில், "கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும். கொண்டுபோய் இறக்குங்க" என்றேன்.

மாஸ்டர் வீட்டில் இல்லை. அவர் மனைவி கதவைத் திறந்தார். நர்ஸ்களின் யூனிஃபார்ம், வக்கீல் அங்கி, இசைக்குழுவின் சிவப்புக் கோட்டுகள், கடைசியாக லேஸ் வைத்த பெண்கள் கவுன் ஏழெட்டு, எல்லாவற்றிலும் கணவர் பெயர். மாஸ்டர் வந்ததும் அந்த அம்மாள், "இதெல்லாம் யாரோடது?" என்று கேட்டிருக்கிறார். அந்த அப்பாவி, "சத்தியமா எனக்குத் தெரியாது" என்றிருக்கிறார். எந்த மனைவி நம்புவாள்? ஓட்டையும் செங்கல்லையும் ஒரே அடியில் உடைக்கிறவர், பனியனோடு ஓடிவந்து நம் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார்.

அதற்குள் சோப்புத்தூளோடு திரும்பியிருந்த உன் அக்கா என் கையைப் பிடித்துத் தரதரவென்று அந்த வீட்டுக்கு இழுத்துப் போனாள். அங்கே கூடத்தில் ஹேங்கர்களை வரிசையாக மாட்டி வைத்து, இது அச்சு, இது பொருள், பெயர் இங்கே இருக்க வேண்டியது அங்கே போய்விட்டது என்று வியர்க்க விறுவிறுக்க விளக்கினேன். அந்த அம்மாள் கடைசி வரை கேட்டார். பிறகு உன் அக்காவைப் பார்த்து, "ஒரு ஆம்பளையைக் காப்பாத்த யாரும் இவ்வளவு கேவலமா ஒரு பொய்யை யோசிக்க மாட்டாங்க. நிஜமாத்தான் இருக்கும்" என்றார். மாஸ்டர் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டார். மறுநாள் முழுவதும் ஊரே அந்த வீட்டு வாசலில் நின்று, இது என்னுடையது, அது உன்னுடையது என்று பொறுக்கிப் போயிற்று.

நான்தான் வீடு திரும்பியும் திரும்பாதவனாக இருக்கிறேன். வரும் வழியெல்லாம் உன் அக்கா எனக்கு நாலடி முன்னால் நடந்தாள். வாசலில் சாவிக்குக் கையை நீட்டினாள். "நாளையிலிருந்து கடைக்கு வராதீங்க" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கீழே நீராவி இஸ்திரி மூச்சு விடுகிறது, கதவு மணி அடிக்கிறது, ஆட்கள் வருகிறார்கள் போகிறார்கள், நான் மேலே செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கிறேன். தம்பி, அந்தக் கடையில் எனக்கென்று ஒரு மூலை வேண்டும் என்றுதான் இத்தனையும் செய்தேன். அவள் பக்கத்தில் நிற்க எனக்கு வேறு சாக்கு தெரியவில்லை.

ஆகவே நீ உடனே புறப்பட்டு வந்து இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போ. எழுதியதை எல்லாம் அழித்துவிட்டேன். என் தலைமுறையில் இனி ஒருவன் கிளாஸ் எழுத மாட்டான், சத்தியம். போகும்போது உன் அக்காவிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ. நீ சொன்னால் கேட்பாள். உன் மனைவியிடம் என் விசாரிப்பைச் சொல். குழந்தைகள் தீர்க்காயுசோடு, நல்ல படிப்போடு, கம்ப்யூட்டர் தவிர வேறு ஏதாவது துறையில் முன்னுக்கு வரட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா மேலே வந்துவிட்டாள். கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். திரைச்சீலை இடத்தில் உதடு லேசாக அசைந்தது. 'வேறு சாக்கு தெரியவில்லை' என்ற இடத்தில் மூக்கை உறிஞ்சினாள். "நாலு நாளா கடையில ஒரு தப்புகூட நடக்கல. யாரையும் திட்ட வேண்டிய வேலையே இல்ல. ஒரே சலிப்பா இருக்கு. நாளைக்குக் காலைல கீழ வந்து நில்லுங்க" என்றாள். "சாக்கு?" என்று கேட்டேன். "சாக்கு எதுக்கு? சும்மா நில்லுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஆகவே நீ வர வேண்டாம். கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும். மேலே எழுதியதை எல்லாம் அழித்துவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா, அது உனக்கு என்மேல் இரக்கம் வர வேண்டும் என்பதற்காகச் சொன்ன பொய். அடுத்த பாடங்களைச் சீக்கிரம் அனுப்பு. பல் டாக்டரும் தன் கிளினிக்குக்கு ஒரு அப்ளிகேஷன் கேட்கிறார்.