நான் இல்லையென்று சொன்ன அறை

நீடாமங்கலத்தில் ரைஸ் மில், மன்னார்குடி ரோட்டில் ஆறு கடை, மஸ்கட்டில் ஒரு ஷேக்குக்கு மாடி வீடு. எல்லாம் இந்தக் கை கட்டியது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நான் விட்டதாகத்தான் வெளியில் சொல்வது). எந்தச் சுவரையும் ஒரு தட்டு தட்டினால் ஜாதகமே சொல்லிவிடுவேன். ஒரே ஒரு சுவரைத் தவிர.

பிள்ளைகள் அமெரிக்காவுக்குப் பறக்க, பழைய வீடுகள் வரிசையாக விலைக்கு வந்த காலம் அது. மஸ்கட்டிலிருந்து திரும்பிய சூட்டில் கும்பகோணம் பக்கம் ஒரு பெரிய வீட்டை வாங்கினேன். இடித்துவிட்டு ஏ.சி. கல்யாண மண்டபம் கட்டத் திட்டம். அங்கே வாழ்ந்த எழுத்தாளர் ஒருவர், கல்யாணத்துக்குப் பயந்த மாப்பிள்ளை அலமாரிக்குப் பின்னால் ரகசிய அறையில் ஒளிவதாகக் கதை எழுதியிருந்தாராம். சேதி கேட்டுக் கல்லூரி டீச்சரம்மா ஒருவர் ஓடிவந்தார்.

"இடிச்சிடாதீங்கய்யா. அந்த அறை இங்கதான் இருக்கணும்."

"கதை எழுதுறவர் ஆயிரம் விடுவார்மா. நான் கொத்தனார். எல்லாத்தையும் தட்டிப் பாத்தாச்சு. அறை இருந்தா ஒரு செங்கல்லைத் தொடமாட்டேன், போதுமா?"

"இருக்கும்னுதான் தோணுதுங்க" என்றாள் என் மனைவி சரோஜா. கதையைப் படித்தவள். (இவளைக் கேட்டது யார்?)

மறுநாள் இடிக்க வரும் ஆட்களுக்கு முன்பே போனேன். ஆளுயரத் தேக்கு அலமாரியின் பின்பலகை என் வீட்டுக் கதவுக்கு ஆகுமே என்று ஆசை. உள்ளே ஏறித் தோளைக் கொடுத்தேன். பலகை திறந்தது, நான் விழுந்தேன், பலகை தானாக மூடிக்கொண்டது. கும்மிருட்டு. தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. தலைக்கு மேல் ஓடு பிரிக்கும் சத்தம்! ஒருநாளும் நேரத்துக்கு வராத பயல்கள் அன்றைக்கென்று வந்துவிட்டார்கள். உயிரைக் கொடுத்துக் கத்தினேன்.

"பேய்டா!"

மேலே இருந்தவர்கள் அலறிக்கொண்டு கடப்பாரையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார்கள். இட்லி கொண்டுவந்த சரோஜா மட்டும் உள்ளே வந்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"அலமாரிக்குப் பின்னால!"

"அங்க என்னங்க இருக்கு?"

"அறைதாண்டி!"

"சத்தமா சொல்லுங்க. தெருவே நிக்குது."

"அறை இருக்கு! இடிக்கலை! ஆளை விடு!"

"கதையில மாப்பிள்ளை வந்த மாதிரி வாங்க. காலடியில ஒரு கட்டை தட்டுப்படும். அதை மிதிச்சுக்கிட்டே பலகையை உங்க பக்கம் இழுங்க."

திறந்தது. கழுத்தில் ஒட்டடை மாலையோடு வெளியே வந்தேன்.

மண்டபம் போனது, உயிர் இருக்கிறது. அந்த எழுத்தாளரை நான் ஒரு வரி படித்ததில்லை. ஆனாலும் என்னைப்போல் ஒருவன் விழுவான் என்று தெரிந்தவர்போல அந்தக் கட்டையை மறக்காமல் எழுதினாரே, தினமும் மனசுக்குள் கும்பிடுகிறேன். இப்போது சரோஜா வாசிக்க, அவர் கதைகளை ஒவ்வொன்றாகக் கேட்கிறேன்.

திருக்கடையூரில் எங்கள் அறுபதாம் கல்யாணத்தன்று கால் கழுவப் போனவன் கொஞ்சம் தாமதித்துவிட்டேன். "மாப்பிள்ளை எங்கே?" என்றார் குருக்கள். சொந்தபந்தம் மொத்தமும் ஒரே குரலில், "அலமாரியில பாருங்க!"

வீடு நிற்கிறது. மாணவர்கள் வந்து பார்க்கிறார்கள். வாசலில் எழுத்தாளர் பெயரோடு டீச்சரம்மா கல்வெட்டு வைத்திருக்கிறார். எழுத்தாளர் எழுதினார், சரி. சரோஜா படித்தாள், அதுவும் சரி. உள்ளே விழுந்து நிரூபித்தது யார்? கல்வெட்டில் கீழே இடம் இருக்கிறது, அளந்துவிட்டேன். 'அறையைக் கண்டுபிடித்தவர்: கொத்தனார் ராஜமாணிக்கம்' என்று ஒரு வரி வெட்டுங்கள். உளியையும் சுத்தியலையும் நானே தருகிறேன்.