புட்டுக் குழலில் மூச்சு விட்ட கார்

நான்காவது சக்கரத்துக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து முடித்ததும் பிரிக்பீல்ட்ஸில் மழை கொட்டியது. சண்முகரத்தினம் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் குடை பிடித்தார். அவரும் நனைந்தார், பெயின்ட்டும் அம்மை போட்டது போல ஆகிவிட்டது.

ரயில்வே குமாஸ்தாவான அவருக்கு இருந்த ஒரே ஆசை, வாசலில் நிற்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்தான். நிற்பது என்றால் செங்கல் மேல். ரிம்முக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறேன் என்று சக்கரங்களைக் கழற்றி இரண்டு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூட டீச்சரான மனைவி இராசேஸ்வரி போன வாரம் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"கிள்ளான்லேருந்து பக்கிரிசாமின்னு ஒருத்தர் வண்டி பார்க்க வராரு. ஞாயித்துக்கிழமை ஒம்பது மணி. அதுக்குள்ள ஓடினா வண்டி உங்களுக்கு. ஓடலைன்னா அவருக்கு."

இன்று சனி. மழைக்குப் பயந்து சக்கரத்தை அடுப்படிக்குத் தூக்கிப்போய், உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி ஸ்ப்ரே அடித்தார். ரிம் பளபளத்தது. பின்னால் கொடியில் காய்ந்த மனைவியின் நீலப் புடவையும் பளபளத்தது. தின்னர் தொட்டுத் துடைத்தார். வெள்ளி போனது, நீலமும் கூடவே போனது. புடவையை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு இன்ஜினைப் பார்க்கப் போனார்.

இன்ஜினுக்குக் காற்று போகும் பெட்டி துருப்பிடித்துக் கையோடு வந்தது. புதிது ஜப்பானிலிருந்து வர ஒரு மாதமாம். அலமாரியைத் துழாவியபோது மனைவியின் அலுமினியப் புட்டுக் குழல் அகப்பட்டது. கார்புரேட்டர் வாயில் வைத்தால் அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. தூசி போகாமல் ஓட்டைத் தட்டின் மேல் ஸ்பான்ஜைக் கட்டினார். இப்பேர்ப்பட்ட மூளை ரயில்வேயில் கோப்பு கட்டிக்கொண்டிருக்கிறதே என்று அவருக்கே வருத்தமாக இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக நான்கு சக்கரங்களையும் மாட்டி வண்டியைச் செங்கல்லிலிருந்து இறக்கினார்.

ஞாயிறு காலை இராசேஸ்வரி புட்டுக் குழலைத் தேடினார். பக்கத்து வீட்டு மாரியாயி இரவல் வாங்கிப் போனதாகச் சண்முகரத்தினம் சொல்லிவைத்தார். ஐந்தே நிமிஷத்தில் இடுப்பில் கை வைத்தபடி மாரியாயியே வந்து நின்றார்.

"அண்ணே, நான் எப்ப வாங்கினேன்?"

அதே நேரம் கேட்டைத் திறந்துகொண்டு பக்கிரிசாமியும் வந்தார். சண்முகரத்தினம் காருக்குள் பாய்ந்து சாவியைத் திருப்பினார்.

கார் உறுமியது. எதிர்வீட்டுக் கோழி மதிலேறியது. நான்கு ரிம்மும் வெயிலில் மின்ன, தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார். வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்து கைதட்டினார்கள். கல்யாணத்தன்றுகூட அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இறங்கி, பக்கிரிசாமி முன்னால் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சாரி பாஸ். வண்டி விக்கிறதுக்கு இல்ல."

பக்கிரிசாமி முகத்தில் கொஞ்சமும் ஏமாற்றம் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து இராசேஸ்வரியிடம் நீட்டினார்.

"உங்க லைசென்ஸ் வந்துருச்சு டீச்சர். ஐயாவும் வண்டிய ரெடி பண்ணிட்டாரு, நாளையிலேருந்து இதையே ஓட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போங்க, என் டிரைவிங் ஸ்கூல் கார் உங்களுக்கு வேணாம் லா."