ரயில் இல்லாத ஊரின் ஸ்டேஷன் மாஸ்டர்

மரக்காணத்தில் ரயில் கிடையாது. ஆனால் ரயில்வே விதியை மீறியதற்காக ஸ்டேஷன் மாஸ்டரிடம் திட்டு வாங்காதவர் மரக்காணத்தில் ஒருவரும் கிடையாது.

அது ஊர் வைத்த பெயர்; அவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர் அல்ல. பழைய கோப்புகளை ஸ்கேன் செய்ய நான் ஒப்பந்தத்தில் சேர்ந்த ஓர் அரசு அலுவலகத்தில் பதிவறைக் காப்பாளர். வெள்ளைக்காரன் காலத்தில் உப்பு ஏற்றிப்போக இந்தப் பக்கம் பாதை போடலாமா என்று யாரோ யோசித்தார்களாம். பாதை வரவில்லை. அதற்கான சட்டதிட்டம் மட்டும் ஓர் அலமாரி நிறைய வந்து சேர்ந்துவிட்டது. வேகன் கதவை யார் பூட்டுவது, தண்டவாளத்தில் மாடு படுத்தால் யாருக்குக் கடிதம் எழுதுவது, பிளாட்பாரத்தில் எத்தனை வாளி மணல் வைப்பது எல்லாம் அதில் இருந்தது. அதை முழுக்கப் படித்தவர் இவர் ஒருவர்தான். படித்ததை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஒருமுறை கீழ்புத்துப்பட்டு போகும் ஷேர் ஆட்டோவில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். கருவாட்டுக் கூடையோடு ஓர் அம்மா ஏறினார். ஸ்டேஷன் மாஸ்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"வாடை அடிக்கிற சரக்கு ஆளுங்களோட வரக்கூடாதும்மா. பின்னால தனி வண்டியில வரணும். ரூல் இருக்குது."

"அப்படியா சாமி? நீ போய் அந்த வண்டிய இட்டுக்கினு வா. அதுவரைக்கும் உன் சீட்ல நான் குந்திக்கறேன்."

குந்திவிட்டார். சரக்கு இறங்கும்வரை ஏற மாட்டேன் என்று இவர் நடந்தே போனார்.

பொய் அவருக்கு வராது. வருகைப் பதிவேட்டில் எல்லோரும் பத்து மணி என்று எழுதும்போது இவர் பத்து இரண்டு என்று எழுதி, பக்கத்தில் காரணமும் எழுதுவார்: 'வழியில் ஆடு.'

இப்படிப்பட்டவர் இருக்கும் அறைக்குத்தான் நான் என் ஒன்பது மாதக் குழந்தையைக் கொண்டுபோனேன். வேறு வழி இல்லை. கணவர் உப்பளத்தில் லாரி ஓட்டுகிறார். மழை மாதங்களில் அவருக்கு வேலை கிடையாது, வேலை தேடிச் சென்னைக்குப் போயிருந்தார். மாமியார் பிரம்மதேசம் கிராமத்தில் நாற்று நடவுக்குப் போயிருந்தார். என் வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆவணம் ஒன்று சேதமானாலும் வேலை போகும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது.

அட்டைப்பெட்டிக்குள் குழந்தையைப் பார்த்தவர், "இன்னாம்மா இது?" என்றார்.

"பாப்பா சார்."

அலமாரியைத் திறந்து விதிக் காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார். அரைமணி நேரம் படித்தார். நான் மனத்துக்குள் வேறு வேலை தேட ஆரம்பித்தேன்.

"மூணு வயசுக்குள்ள டிக்கெட் கெடையாது. ஆனா சீட்டும் கெடையாது. மடியிலதான் வரணும்."

"ரெண்டு கையும் மெஷின்ல இருக்குதே சார்."

"யார் மடின்னு ரூல்ல போடலயேம்மா" என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டினார்.

அன்றிலிருந்து குழந்தை அவர் மடியில். சரக்கு ரயில் விதிகளை உரக்கப் படிப்பார். மூன்றாவது பத்திக்குள் அவள் தூங்கிவிடுவாள். வீட்டில் நான் பாடினால் தூங்க மாட்டாள். அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரு நாள் மாவட்டத்திலிருந்து அதிகாரி சொல்லாமல் வந்து நின்றார்.

"யாருய்யா இந்தக் கொழந்த?"

"மூணு வயசுக்குள்ள சார். தனி ஆளா கணக்கு இல்ல" என்று விதியை நீட்டினார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"இது ஆபீஸுய்யா, ரயில் இல்ல!"

"அப்ப இந்த ரூலெல்லாம் இங்க எதுக்கு சார் இருக்குது?"

அதிகாரி கோபத்தில் மேஜையில் இருந்த பழைய ரயில்வே உத்தரவுப் பதிவேட்டைத் திறந்தார். ஒரு பக்கத்தின் மூலையைக் காணோம். என் மகளின் வாய் அசைந்துகொண்டிருந்தது. உப்புக் காற்றில் எங்கள் ஊர்க் காகிதமெல்லாம் கரிக்கும். அவளுக்கு அந்த ருசி பிடித்துவிட்டது போலும்.

"இது எப்படி?" என்றார் அதிகாரி.

ஸ்டேஷன் மாஸ்டர் பக்கத்தைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். ஆட்டைக்கூட மறைக்காதவர்.

"பூச்சி சார்."

"ஈரமா இருக்குதே?"

"கடலோரம் சார்."

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். நான் சுகாதார நிலையத்து நர்சுக்குப் போன் செய்தேன்.

"சிஸ்டர், பாப்பா பேப்பர் முழுங்கிட்டா."

"இன்னா பேப்பர்?"

"பழைய ரயில்வே ஆர்டர்."

"எத்தன பக்கம்?"

மூலை மட்டும்தான் என்றதும் வைத்துவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு நாள், ஆவணம் கெட்டால் குறித்துவைக்கும் சேதப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பொய் சொன்ன வருத்தம் என்று நினைத்தேன். என்னால்தானே என்று எனக்கும் வருத்தம். சில மாதங்களில் ஓய்வு பெற்றுப் போனார்.

இப்போது என் மகளுக்கு மூன்று வயது. போன வாரம் சேதப் பதிவேடு ஸ்கேனுக்கு வந்தது. அந்தப் பக்கத்துக்கு அவர் குறிப்பு எழுதியிருந்தார். இதைக் கதையாக எழுதினால் அவருக்குத் தொந்தரவு வருமோ என்று நான்கு நாள் யோசித்தேன். பிறகு நானே நேரில் போய்க் கேட்டேன். "நடந்ததத்தானேம்மா எழுதப் போற" என்றார்.

காரணம்: பூச்சி. அளவு: சிறியது. கடைசிக் கட்டம், மேல்நடவடிக்கை. அதை மட்டும் ஓய்வு பெற்ற நாளின் தேதி போட்டு, வேறு மையில் நிரப்பியிருக்கிறார்:

'தேவையில்லை. பூச்சி நடக்க ஆரம்பித்துவிட்டது.'