வாசற்படி தாண்டாத தண்ணீர்

"இந்த வருஷம் ஒரு சொட்டுத் தண்ணிகூட நம்ம வாசற்படியைத் தாண்டாது" என்று ஆபிரகாம் ஈஸ்டர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டே அறிவித்தார்.

"தாண்டுனா?" என்றாள் செலின்.

"தாண்டாது."

"தாண்டுனா?"

செலின் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் சிஸ்டராக இருந்தவள். ஊசி வேண்டாம் என்று அடம்பிடிக்கிற நோயாளியிடமும் இதே குரலில்தான் இரண்டாம் முறை கேட்பாள். மூன்றாம் முறை கேட்க வேண்டி வந்ததில்லை.

"தாண்டுனா நீ சொல்லுத மாதிரி மாடிக்கே போயிருவோம்" என்று சொல்லிவிட்டார். வாயில் பிரியாணி இருக்கும்போது மனிதன் வாக்குக் கொடுக்கக் கூடாது.

"எழுதித் தரட்டுமா?" என்று வேறு கேட்டார், வீறாப்பாக.

"வேண்டாம். நீங்க எழுதுன எதுதான் நடந்திருக்கு?"

அதுவும் உண்மைதான். டெல்லி மயூர் விஹாரில் அவர்கள் இருந்தது நான்கு மாடிக் கூட்டுறவுக் குடியிருப்பு. லிஃப்ட் கிடையாது. ஆபிரகாம் வீடு தரைத்தளம். மழை பெய்தால் தெருவில் நிற்கிற தண்ணீர் முதலில் அவரைத்தான் குசலம் விசாரிக்கும். அதைப் பற்றி வார்டு ஆபீசுக்குப் பதினோரு மனு எழுதியிருந்தார். மத்திய அரசில் செக்ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். 'மேற்காண் பொருள் குறித்து' என்று தொடங்காமல் அவரால் மளிகைச் சாமான் பட்டியல்கூட எழுத முடியாது.

மாடி என்று செலின் சொன்னது மூன்றாம் மாடியை. அங்கே இருந்த காந்திமதி டீச்சருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், கீழ தண்ணி வரும். யோசிச்சுக்கோங்க" என்று ஆபிரகாம் ஒருநாள் மிரட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, தண்ணி வருசத்துக்கு ரெண்டு நாளு. மாடிப்படி முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளும்லா இருக்கு! கீழ வந்துட்டா மழை மாசம் பூரா நான் பெங்களூருல பேரன் வீட்டுலதான் கெடப்பேன். எனக்கென்ன?"

ஆபிரகாமுக்குக் கீழ்வீட்டை விட மனசில்லை. அது ஏன் என்று அவரே சில மத்தியானங்களில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து தன்னை விசாரித்துக்கொள்வார். ஜன்னலுக்கு வெளியே பால் பூத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவருக்கு ஒரு 'நமஸ்தே அங்கிள்' சொல்லிவிட்டுத்தான் போவார்கள். மூன்றாம் மாடியில் யார் சொல்வார்கள், காக்காயா? ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. தன்னுடைய கல்யாண வாழ்க்கையே ஒரு தரைத்தள வாழ்க்கை என்று அவர் நினைத்தார்.

அதற்கு ஒரு கதை இருந்தது. 1991 ஜூலை. சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அதுவும் தரைத்தளம். கல்யாணமாகி எட்டு மாசம். நைட் டூட்டி முடிந்து செலின் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். குடையோடு போய் நின்ற ஆபிரகாம், குடையை வீசி எறிந்துவிட்டு, வெள்ளை யூனிஃபாரம் நனையாமல் அவளை அப்படியே இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வீடுவரை நடந்தார். வரிசை வீடுகளெல்லாம் வாசலில் நின்று சிரித்தன. அவளுடைய செருப்பு ஒன்று தண்ணீரோடு போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் காலனி ஆபீசிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்தான். கம்பியைப் போட்டுச் சாக்கடை மூடியை நெம்பினான். பெரிய ஏப்பம் விட்டுத் தெரு முழுவதும் உள்ளே போய்விட்டது.

"அந்தக் காலத்துல அரசாங்கம் சைக்கிள்ல வந்துச்சு. இப்போ செல்போன்லதான் வருது" என்று இந்தக் கதையை முடிப்பார். வருஷம் தவறாமல் முதல் மழைக்கு ஒரு தடவை சொல்வார். சொல்லும்போதெல்லாம் செலின் பேசாமல் காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். அந்த மௌனத்தை அவர் முப்பத்து மூன்று வருஷமாக நாணம் என்று நம்பியிருந்தார்.

அந்த நாட்களின் மிச்சம் ஒரு நீல ரெக்சின் பெட்டியில் இருந்தது. செலினுக்கு டெல்லியில் வேலை கிடைக்கும்வரை பாளையங்கோட்டையிலிருந்து அவள் எழுதிய கடிதங்கள். கூடவே, தப்பித்த அந்த ஒற்றைச் செருப்பு, பழைய பேப்பரில் சுற்றி. செலின் பெட்டியில் வைத்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். பிரித்துப் பார்த்ததில்லை. கட்டிலுக்கடியில் அந்தப் பெட்டி இருப்பதே போதுமாக இருந்தது.

பன்னிரண்டாவது மனுவுக்குப் பலன் கிடைத்தது. மே மாசம் வார்டு ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து தெருச் சாக்கடையைத் தூர் வாரினார்கள். கரி மாதிரிச் சேற்றை அள்ளிக் கரையிலேயே குவித்தார்கள். வாருமுன் ஒரு போட்டோ, வாரிய பின் ஒரு போட்டோ.

"பையா, இதை எப்போ எடுத்துட்டுப் போவீங்க?" என்று ஆபிரகாம் இந்தியில் கேட்டார்.

"காயணும் அங்கிள். ஈரமா இருந்தா வண்டியில ஏத்தக் கூடாது. ரூல்."

காய்ந்தது. வண்டி வருவதற்குள் முதல் மழை வந்தது. சேறெல்லாம் கோபித்துக்கொண்டு போன மருமகன் மாதிரிக் கெத்தாகப் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடிகாலையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. செலினுக்கு சர்ச்சில் பாடகர் குழு. "வாரேன்" என்று சொல்லிவிட்டு ரெயின்கோட்டோடு போனாள். ஆபிரகாம் கையை மட்டும் ஆட்டினார். காதில் வார்டு ஆபீஸ் ஹெல்ப்லைனின் காத்திருப்புச் சங்கீதம் ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது நிமிஷம் கழித்து ஒரு பெண்குரல் வந்தது.

"தண்ணீர் தெருவிலா, வீட்டுக்குள்ளா?"

"தெருவுல."

"தெரு லிஸ்ட் நிரம்பிவிட்டது. வீட்டுக்குள் என்றால் மட்டும்தான் பம்ப் வரும்."

ஆபிரகாம் வாசலைப் பார்த்தார். பழுப்புத் தண்ணீர் வாசற்படி விளிம்பில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மணல் மூட்டை, பழைய மெத்தை, செலினின் சப்பாத்திப் பலகை எல்லாவற்றையும் அணையாகப் போட்டிருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சப்பாத்திப் பலகை மிதந்து உள்ளே வந்தது.

"வீட்டுக்குள்ள" என்றார், குரலைத் தாழ்த்தி. வீட்டில் யாரும் இல்லாதபோதும்.

கணுக்கால் அளவு வந்தது. அப்போதுதான் பெட்டி ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் கையை விட்டார். தண்ணீர். இன்னும் உள்ளே விட்டார். ஒரு துடைப்பம். மண்டியிட்டுத் தலையை விட்டுப் பார்த்தார். பெட்டி இல்லை.

மிதந்து போயிருக்குமா? கதவு வழியாகவா? இவர் அங்கேதானே நின்றார்! முப்பத்து மூன்று வருஷம் காப்பாற்றி வைத்ததைக் கணுக்கால் தண்ணீருக்குப் பறிகொடுத்துவிட்டேனா? நான் எதைத்தான் காப்பாற்றியிருக்கிறேன்?

பன்னிரண்டு மணிக்கு மழை விட்டது. ஒரு மணிக்குத் தண்ணீர், வந்த வழியே மரியாதையாக வெளியே போயிற்று. மெட்ரோவில் கூட்டம், வர நாலாகும் என்று செலின் போன் செய்தாள். ஆபிரகாமுக்குள் இருந்த அரசாங்க ஊழியன் விழித்துக்கொண்டான். மூன்று மணி நேரம்! ஆதாரத்தை அழிக்க அது தாராளம். சேற்றைத் தள்ளினார். துடைத்தார். மறுபடி துடைத்தார். ஒரு பாட்டில் ஃபினாயிலைக் காலி செய்தார். மூன்று ஃபேனையும் முழு வேகத்தில் ஓட விட்டார். சுவரில் நாலு விரல் உயரத்தில் தண்ணீர் போட்டிருந்த கோட்டை மறைக்கப் பழைய பேப்பர்களைச் சுவரோரமாகச் சுற்றிவர அடுக்கினார்.

நாலு மணிக்குச் செலின் வந்தாள். வாசலில் நின்று மூச்சை இழுத்தாள்.

"வீடு கழுவுனியளா?"

"ஆமா. சும்மாதான இருந்தேன்."

"கல்யாணமாகி முதல் தடவை."

"எதுக்கும் ஒரு ஆரம்பம் வேணும்லா."

"பேப்பரெல்லாம் ஏன் சுவரைச் சுத்தி நிக்கு?"

"பேப்பர்காரனுக்குப் போடணும். தலைப்பு வாரியாப் பிரிச்சு வச்சிருக்கேன்."

"தண்ணி உள்ள வரலயோ?"

"வாசற்படி வரைக்கும் வந்துச்சு. பாத்துச்சு. போயிட்டு."

"நல்லது" என்று சொல்லிவிட்டு அவள் டீ போடப் போனாள். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜெயித்துவிட்டார். ஆனால் இரவெல்லாம் தூக்கம் இல்லை. பெட்டி எங்கே என்று அவளிடம் கேட்க வேண்டும். கேட்டால், பன்னிரண்டு வருஷமாகக் குனியாத மனிதன் இன்றைக்கு ஏன் கட்டிலுக்கடியில் குனிந்தான் என்று அவள் கேட்பாள். கேட்காவிட்டால் பெட்டி போனது போனதுதான். திங்கள் முழுவதும் தெருவோரச் சேற்றையெல்லாம் குச்சியால் கிளறிப் பார்த்தார். பால் பூத்துக்குப் போனவர்கள் 'நமஸ்தே' சொல்லாமல் ஒதுங்கிப் போனார்கள். செவ்வாய்க்கிழமை சோறு இறங்கவில்லை. செலின் அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். நாடி பிடித்துப் பார்த்தாள். சிரித்த மாதிரி இருந்தது.

புதன்கிழமை காலை பம்ப் வந்தது.

டிராக்டரில் பெரிய பம்ப். நாலு ஆட்கள். ஒரு சூப்பர்வைசர், கையில் செல்போன். பளீரென்று வெயில்.

"பானி கஹாங் ஹை, அங்கிள்?"

"தண்ணியா? அது போயி மூணு நாளாச்சு."

சூப்பர்வைசர் முகம் வாடியது. "கம்ப்ளெய்ண்ட்ல வீட்டுக்குள்ள தண்ணினு இருக்கே. உள்ள தண்ணி வந்துச்சா, வரலையா?"

செலின் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"வரல" என்றார் ஆபிரகாம்.

"அப்போ இங்க கையெழுத்துப் போடுங்க" என்று சூப்பர்வைசர் ஒரு படிவத்தை நீட்டினான். அதில் இரண்டே கட்டங்கள். 'வீட்டுக்குள் புகுந்த நீர் அகற்றப்பட்டது.' 'புகார் பொய்யானது.'

ஆபிரகாம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து வருஷ சர்வீஸ். ஒரு பொய்க் குறிப்பு எழுதியதில்லை. இப்போது ஒரு சர்க்கார் காகிதத்தில், சொந்தக் கையெழுத்தோடு, தான் பொய்யன் என்று எழுதுவதா? மனைவியிடம் சொல்வது வேறு. ஃபைல் வேறு. ஃபைலில் பொய் சொல்லக் கூடாது.

முதல் கட்டத்தில் டிக் போட்டார். கையெழுத்துப் போட்டார். பழக்கத்தில் தேதியும் போட்டார்.

"போட்டோ வேணும்" என்றான் சூப்பர்வைசர். "தண்ணியோட. இல்லேன்னா கம்ப்ளெய்ண்ட் குளோஸ் ஆகாது."

"அச்சா, ஒரு நிமிஷம்" என்று செலின் உள்ளே போனாள். ஒரு வாளி தண்ணீரோடு வந்தாள். வாசற்படியில் நின்று, வெளியிலிருந்து உள்ளே, நிதானமாக ஊற்றினாள். தண்ணீர் வாசற்படியைத் தாண்டி ஹால் நடுவில் போய் நின்றது. நாலு ஆட்களும் குழாயைப் பிடித்தார்கள். கட்டடமே அதிர இரண்டு நிமிஷம் பம்ப் ஓடி அந்த ஒரு வாளியைக் குடித்தது. போட்டோ எடுத்தார்கள். "தன்யவாத், ஆன்ட்டி." போய்விட்டார்கள்.

ஆபிரகாம் காலி வாளியை அவள் கையிலிருந்து வாங்கினார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஃபினாயில் வாடை மூணாவது மாடி வரைக்கும்லா வந்துச்சு."

"மூணு நாளா ஒரு வார்த்தை கேக்கலையே!"

"கேட்டா பொய் சொல்லுவீய. சர்ச்சுக்குப் போற மனுசன். எதுக்குன்னு விட்டுட்டேன்."

இனி இழக்க எதுவும் இல்லை. "செலின், கட்டிலுக்கடியில ஒரு நீலப் பெட்டி..."

"ஞாயித்துக்கிழமையே மாடி ஏறிட்டு. நீங்க போன்ல பாட்டுக் கேட்டுக்கிட்டு இருந்தியள்ளா, சர்ச்சுக்குப் போகுமுன்ன நாந்தான் கொண்டுபோயி வச்சேன். நீங்கதான் பாக்கி."

மூன்று மாடியும் ஏறினார். மூச்சு இரைத்தது. காந்திமதி டீச்சர் கட்டிவைத்த மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். "வாங்க அண்ணாச்சி, வாங்க. இது உங்க வீடு. இப்ப நான்தான் விருந்தாளி."

ஜன்னலோரத்தில், வெயிலில், நீலப் பெட்டி. ஒரு துளி ஈரம் படாமல். ஆபிரகாம் தரையில் உட்கார்ந்து திறந்தார். கடிதங்கள் எல்லாம் இருந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பேப்பர்ப் பொட்டலத்தை எடுத்தார். ஒரு தடவையாவது பார்த்துவிடலாம் என்று மெல்லப் பிரித்தார்.

உள்ளே இருந்தது பழுப்புத் தோல் செருப்பு. ஆண்பிள்ளைச் செருப்பு. ஒன்பதாம் நம்பர். குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது, அவர் இன்றைக்கும் தேய்க்கிற அதே பக்கம்.

"இது... உன்னுது இல்லையா?"

"உங்களுதுதான். மத்தது சாக்கடைக்குள்ள போயிட்டு. மூடி இல்லாத எடத்துல காலை வச்சிய. நீங்களும்லா போயிருப்பிய! காலரைப் பிடிச்சு இழுத்துத் தூக்கிட்டு வந்தேன். ஆஸ்பத்திரியில ஆள் தூக்கிப் பழக்கம், அதனால ஆச்சு."

"தெருவே சிரிச்சுச்சே?"

"பின்ன சிரிக்காதா?"

ஆபிரகாம் செருப்பை மடியில் வைத்துத் தேய்ந்த குதிகாலைத் தடவினார். குடையை எறிந்தது நிஜமாக ஞாபகம் இருந்தது. அவளுடைய சோப்பு வாசனை ஞாபகம் இருந்தது. முகத்துக்கு மிகப் பக்கத்தில் அவள் முகம் இருந்ததும் ஞாபகம் இருந்தது. யார் மேலே, யார் கீழே என்பதுதான் எப்போதோ மாறியிருக்கிறது.

"அந்தக் கதையை வருஷா வருஷம் சொன்னேனே. ஒரு தடவை மறுத்திருக்கலாம்லா?"

"நல்லா சொன்னிய. கேக்க எனக்கும் பிடிச்சுது" என்றாள் செலின், ஜன்னலைத் திறந்துகொண்டே.

ஆபிரகாம் செருப்பைப் பெட்டிக்குள் வைத்தார். எழுந்தார். "சரி, கீழ போயி என் நாற்காலியை எடுத்துட்டு வாரேன்."

"படியில பாத்து இறங்குங்க" என்றாள். "இந்த வயசுல இன்னொரு தடவை என்னால தூக்க முடியாது."