சலாமிக்கும் புரட்டாசி விரதம்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. ஃபிரிட்ஜின் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே காலம் நின்றுவிடும் என்று மனப்பூர்வமாக நம்புகிற வகை. ஜாதகத்தில் இவர்களுக்குச் சந்தேகம் வரும், ஜோசியர் மேல் வரும், பெற்ற பிள்ளை மேல்கூட வரும். ஃபிரிட்ஜின் மேல் மட்டும் வராது.

இவர்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ்கிரீம் இருக்காது. போன வாரத்து வத்தக்குழம்பு, யாருடைய கல்யாணம் என்றே மறந்துபோன கல்யாணத்துத் தாம்பூலப் பையிலிருந்து வந்த லட்டு, பீட்சாவோடு இலவசமாகக் கிடைத்த சாஸ் பொட்டலங்கள், எதற்கோ நறுக்கி எதற்கும் பிழியாத அரை எலுமிச்சம்பழம் என்று எல்லாம் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு குடித்தனம் நடத்தும். ஒன்றையும் தூக்கிப் போட மாட்டார்கள். ஏன் போட வேண்டும்? மூக்கு எதற்கு இருக்கிறது? மூடியைத் திறப்பார்கள், கண்ணை மூடுவார்கள், ஒரு இழுப்பு இழுப்பார்கள்.

"நல்லாத்தான் இருக்கு."

வேறு தீர்ப்பு வந்து நான் கேட்டதில்லை.

கீழ்க்கட்டளையில் எங்கள் எதிர்வீட்டு லோகநாதன் சார் இந்த வகையில் முதல் தரம். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, தங்கமான மனிதர். ஆவணிக் கடைசியில் குரோம்பேட்டை போய், ஒரு கோல்டு ஸ்டோரேஜ் கடையில் சிக்கன் சலாமி, அதாவது பதப்படுத்தி வட்ட வட்டமாகச் சீவிய கோழிக்கறி, வாங்கி வந்தார். பாதியைச் சாப்பிட்டார். மறுநாள் புரட்டாசி பிறந்துவிட்டது. பெருமாள் மாதத்தில் கவிச்சி தொடலாமா? மீதிப் பாக்கெட்டை ரப்பர் பேண்டால் கட்டி, ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் போட்டு, தட்டின் கோடிக்குத் தள்ளினார்.

"புரட்டாசியில அது ஃபிரிட்ஜுல இருக்கலாமா?" என்றார் மனைவி சுபத்ரா.

"மூடி போட்டுத்தானே இருக்கு" என்றார் இவர்.

மாதம் முழுக்க இவர் விரதம் இருந்தார். சலாமியும் கூடவே விரதம் இருக்கிறது, அதனால் அதற்கும் ஒன்றும் ஆகாது என்பது இவர் எண்ணம். நடுவில் குடும்பத்தோடு திருப்பதி போனபோது, ஆளில்லாத வீட்டில் ஃபிரிட்ஜ் எதற்கு ஓட வேண்டும் என்று மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போனார்.

ஐப்பசி முதல் ஞாயிறு. மாடம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் அஞ்சலி வந்திருந்தாள். மாசமாக இருக்கிறாள். அப்பா கையால் சாண்ட்விச் சாப்பிட ஆசை என்று போனில் சொல்லியிருந்தாள். மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. நான் பேப்பர் வாங்கப் போனவன், காபிக்காக உட்கார்ந்திருந்தேன். சலாமி வைத்த சாண்ட்விச் தட்டு வந்தது.

"சலாமி எப்போப்பா வாங்கினது?"

"இப்பத்தாம்மா. கொஞ்சம் முன்னாடி."

"ஏங்க, அது புரட்டாசிக்கு முன்னாடி வாங்கினதா?" என்று அடுக்களையிலிருந்து சுபத்ரா பாய்ந்து வந்தார்.

"கவர்ல தேதியைப் பாரு சுபத்ரா. தை மாசம் வரைக்கும் டைம் இருக்கு."

"அது பிரிக்காத பாக்கெட்டுக்கு! பிரிச்சா மூணு நாள்ல முடிக்கணும்னு கீழேயே போட்டிருக்கே."

"முகர்ந்து பார்த்துட்டேன். நல்லாத்தான் இருக்கு."

"எதை வெச்சு முகர்ந்தீங்க? ஒரு வாரமா மூக்கடைப்பு. காபில வாசனையே இல்ல, பொடியை மாத்திட்டியான்னு காலைல என்கிட்ட சண்டை போட்டீங்களே!"

லோகநாதன் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"மூக்கு நல்லா இருந்தாலும் பிரயோஜனமில்லப்பா" என்றாள் அஞ்சலி மெதுவாக. "சில கிருமி வாசனையே காட்டாதாம். எனக்கு ஒண்ணுன்னா ஜுரத்தோட போயிடும், குழந்தைக்குத்தான் ஆபத்துன்னு டாக்டர் சொன்னாங்க. சலாமியெல்லாம் சாப்பிட்டா புதுசா வாங்கி, ஆவி பறக்கச் சூடு பண்ணித்தான் சாப்பிடணுமாம்."

அவர் தட்டைப் பார்த்தார். மகளின் வயிற்றைப் பார்த்தார். எனக்கே பாவமாக இருந்தது. சாண்ட்விச்சையும் மீதிப் பாக்கெட்டையும் குப்பைக்கூடையில் கொட்டினார். அந்த வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பொருள் குப்பைக்குப் போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஐஸ்கிரீம் டப்பாவை மட்டும் தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்தார். நல்ல டப்பா அல்லவா?

பிறகு அஞ்சலிக்குச் சுடச்சுட முட்டைதோசை வார்த்துக் கொடுத்தார். அவள் இரண்டாவது கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சந்தோஷம். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில், இரண்டாவது தட்டில், பின்னால் ஒரு டப்பா இருக்கிறதே, அதில் என்ன இருக்கிறது? எப்போது வைத்தது? சரி, எழுந்து போய்ப் பாருங்கள். ஆனால் மூடியைத் திறந்ததும் அதை எங்கே கொண்டுபோவீர்கள் என்று எனக்குத் தெரியும். குப்பைக்கூடைக்கு அல்ல. மூக்குக்கு.